உங்கள் பெயரில் ஒரு நோட்டு

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "உங்க தொழிலைப் பத்தி ஏதாவது பேசுங்க, ஆனா பசங்க தூங்கிடக் கூடாது" என்றார். இரண்டையும் ஒன்றாகச் செய்ய முடியுமா என்று எனக்குச் சந்தேகம்தான். முயற்சி செய்கிறேன்.

நான் 1983-ல் இங்கு எலெக்ட்ரானிக்ஸ் பிரிவில் சேர்ந்து 1987-ல் வெளியே போனவன். முதலில் தொலைபேசித் துறை. பிறகு, 2000-க்கு அப்புறம், தென் மாவட்டம் ஒன்றில் வீடுகளுக்கும் கடைகளுக்கும் இணைய இணைப்புக் கொடுக்கும் ஒரு தனியார் நிறுவனம். ஓய்வு பெறும் வரை அங்கேதான். நெட்வொர்க் பொறுப்பு என்னுடையது. போலீஸிலிருந்து கடிதம் வந்தால் பதில் போடும் பொறுப்பும் என்னுடையது. அதனால் இன்று எனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தைப் பேசுகிறேன். உங்களுக்கு இன்டர்நெட் கனெக்ஷன் கொடுப்பவர் உங்களைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறார்? எதற்காக? அதை யார் பார்க்கலாம்?

என் காலத்து நண்பர்களுக்கு ஒன்று ஞாபகம் இருக்கும். ஹாஸ்டல் வார்டன் அறை வாசலில் ஒரு போன், பக்கத்தில் ஒரு நீள நோட்டு. டிரங்க் கால் போட்டால் அதில் எழுத வேண்டும். பெயர், அறை எண், எந்த ஊர், எந்த நம்பர், எத்தனை நிமிஷம், எவ்வளவு ரூபாய். பேசியது என்னவென்று அதில் ஒரு வரி கூட இருக்காது. ஆனால் அந்த நோட்டைப் புரட்டினால் யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வேலைக்கு அலைகிறான், யாருக்குத் திருச்சியில் ஒரு 'உறவு' புதிதாக முளைத்திருக்கிறது, எல்லாம் தெரிந்துவிடும். மூன்றாம் வருஷத்தில் ஒருவனுக்கு நாங்கள் கல்யாணமே செய்து வைத்துவிட்டோம், அந்த நோட்டைப் பார்த்து! (அந்த நண்பர் இதோ மூன்றாவது வரிசையில் மனைவியோடு உட்கார்ந்திருக்கிறார். திருச்சிதான். அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.)

இணைய நிறுவனத்திடம் இருப்பதும் அதே நோட்டுதான். பக்கங்கள்தான் ரொம்ப ரொம்ப ஜாஸ்தி.

அதில் என்ன இருக்கிறது? முதலாவது, நீங்கள் இணைப்பு வாங்கும்போது கொடுத்த விண்ணப்பம், போட்டோ, அடையாள அட்டை நகல், முகவரி. இரண்டாவது, நீங்கள் எப்போது இணைப்புக்குள் வந்தீர்கள், எப்போது போனீர்கள், எவ்வளவு டேட்டா செலவானது, அப்போது உங்களுக்கு எந்த ஐ.பி. முகவரி கொடுக்கப்பட்டது. மூன்றாவது, உங்கள் இணைப்பிலிருந்து எந்தெந்த முகவரிக்குத் தொடர்பு போனது என்ற பதிவு. நான்காவது, நீங்கள் ஒரு தளத்தின் பெயரைத் தட்டும்போது அந்தப் பெயருக்கு உரிய எண் என்ன என்று உங்கள் போன் முதலில் விசாரிக்கும். பெரும்பாலான வீடுகளில் அந்த விசாரிப்பு போவது இணைப்புக் கொடுத்தவரின் கணினிக்குத்தான். அதையும் எழுதி வைக்க முடியும்.

"சார், இப்பல்லாம் எல்லாத் தளத்திலயும் பூட்டுப் படம் போட்டிருக்கே, மறையாக்கம் இருக்கே" என்று மாணவர்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பூட்டு இருந்தால் நீங்கள் வங்கித் தளத்தில் தட்டிய கடவுச்சொல், டாக்டருக்கு எழுதிய வரி, இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. உள்ளே இருக்கும் கடிதம் தெரியாது. ஆனால் உறைமேல் எழுதிய விலாசம் பெரும்பாலும் தெரியும். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு புற்றுநோய் மருத்துவமனையின் தளம், மறுநாள் காலை நகைக்கடன் தரும் நிறுவனத்தின் தளம், அதற்கு மறுநாள் வீடு விற்கும் தளம். உள்ளே என்ன படித்தார்கள் என்று தெரிய வேண்டுமா? அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று சொல்ல ஜோசியர் தேவையில்லை.

சரி, ஏன் எழுதி வைக்கிறார்கள்? பொழுது போகாமல் இல்லை. நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையச் சேவை 1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். மூலம் வந்தது. 1998-ல் தனியாருக்கும் கதவு திறந்தது. தனியாருக்கு உரிமம் கொடுக்கும்போதே பதிவுகளை வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ரொம்ப நாள் அது ஒரு வருஷம். 2021 டிசம்பரில் குறைந்தது இரண்டு வருஷம் என்று மாற்றினார்கள். 2022 ஏப்ரலில் செர்ட்-இன் அமைப்பு இன்னொரு உத்தரவு போட்டது. வி.பி.என். சேவை தருபவர்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஐ.பி. முகவரி எல்லாவற்றையும் ஐந்து வருஷம் வைத்திருக்க வேண்டும். அதைக் கேட்டதும் எக்ஸ்பிரஸ் வி.பி.என்., நார்டு வி.பி.என். போன்ற நிறுவனங்கள் இந்தியாவில் இருந்த தங்கள் சர்வர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டன. பிரவுசிங் சென்டர் ஞாபகம் இருக்கிறவர்களுக்கு: 2011-ல் வந்த விதிப்படி அங்கேயும் அடையாள அட்டை காட்ட வேண்டும், நோட்டில் பதிய வேண்டும், அந்த நோட்டை ஒரு வருஷம் வைத்திருக்க வேண்டும்.

இதில் ஒரு நியாயம் இருக்கிறது. அதை மறைத்துப் பேசினால் நான் நேர்மையானவன் இல்லை. ஓய்வூதியப் பணம் முழுவதையும் போன் மோசடியில் இழந்த ஆசிரியர், படத்தை மாற்றிப் போட்டு மிரட்டப்பட்ட கல்லூரிப் பெண், இவர்களுக்காக வந்த கடிதங்களுக்கு நான் பதில் போட்டிருக்கிறேன். அந்த நோட்டு இல்லாவிட்டால் மிரட்டியவனைப் பிடித்திருக்க முடியாது. ஆகவே நோட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நோட்டு யார் கையில், எத்தனை நாள், யார் திறக்கலாம், திறந்தவர் யார் என்று யாருக்குத் தெரியும்? இந்த நான்குதான் என் கேள்வி.

நோட்டில் எழுதியிருப்பது சரியா என்பதே முதலில் சந்தேகம். 2007 ஆகஸ்ட் கடைசியில் புனே போலீஸார் பெங்களூரில் ஓர் இளம் மென்பொருள் இன்ஜினீயரைக் கைது செய்தார்கள். ஆர்க்குட் தளத்தில் சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தும் படத்தை ஏற்றினார் என்பது குற்றச்சாட்டு. ஆதாரம்? ஐ.பி. முகவரியும், அந்த முகவரி இவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது என்று இணைய நிறுவனம் தந்த விவரமும். அந்தப் பையன் 50 நாள் சிறையில் இருந்தான். அப்புறம்தான் தெரிந்தது, நிறுவனம் கொடுத்த சந்தாதாரர் பெயரே தவறு. 50 நாள்! நம்மில் யார் வீட்டுப் பிள்ளை வேண்டுமானாலும் அந்த இடத்தில் இருந்திருக்கலாம்.

அந்த வழக்கை விட்டுவிடுவோம். பொதுவாக இப்படித் தவறு எப்படி வரும்? மாணவர்கள் கவனிக்க வேண்டும். வெளிநாட்டுத் தளத்தின் கணினி கிரீன்விச் நேரத்தில் எழுதும், நம்முடையது இந்திய நேரத்தில் எழுதும். நடுவில் ஐந்தரை மணி நேரம். கூட்டினீர்களா, கழித்தீர்களா என்பதில் ஒருவன் வாழ்க்கை தொங்குகிறது. இன்னொன்று, பழைய முறை ஐ.பி. முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான். உலக ஜனத்தொகை 800 கோடிக்கு மேல். அதனால் ஒரே முகவரியைப் பல நூறு வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கிறோம். தெருவுக்கே ஒரு வீட்டு எண் கொடுத்த மாதிரி. அப்போது போர்ட் எண்ணும், விநாடி சுத்தமான நேரமும் இருந்தால்தான் ஆள் யாரென்று சொல்ல முடியும். போர்ட் எண் இல்லாமல் வந்த கடிதத்துக்கு, "இத்தனை பேரில் ஒருவர், அவர் யார் என்று சொல்ல இயலாது" என்று பதில் எழுதுவதுதான் முறை. ஏதோ ஒரு பெயரைக் கொடுத்துத் தலைவலியைத் தீர்த்துக்கொள்வது சுலபம்தான். ஆனால் அது பாவம்.

அடுத்தது, யார் திறக்கலாம்? நீங்கள் பேசுவதை ஒட்டுக் கேட்க வேண்டுமானால் மத்திய அல்லது மாநில உள்துறைச் செயலாளர் உத்தரவு வேண்டும். 1996-ல் உச்ச நீதிமன்றம் தொலைபேசி ஒட்டுக்கேட்பு வழக்கில் போட்ட கட்டுப்பாடுகளின் வழியில் வந்த ஏற்பாடு அது. ஆனால் நான் சொல்லும் நோட்டுக்கு அவ்வளவு பெரிய பூட்டு இல்லை. போலீஸ் அதிகாரியிடமிருந்து முறையான கோரிக்கை வந்தால் போதும். உள்ளே இருக்கும் கடிதத்துக்குப் பெரிய பூட்டு, விலாசத்துக்குச் சின்னப் பூட்டு. அந்தச் சின்னப் பூட்டையும் உடைத்தவர்கள் உண்டு. 2013-ல், அப்போது மாநிலங்களவை எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அருண் ஜேட்லியின் போன் அழைப்புப் பதிவுகளைச் சட்டவிரோதமாக எடுக்க முயன்றதாக தில்லிப் போலீஸ் காவலர் ஒருவரே கைதானார். 2018-ல் தானே போலீஸார், இப்படிப்பட்ட பதிவுகளை வாங்கி விற்றதாகத் தனியார் துப்பறிவாளர்கள் சிலரைப் பிடித்தார்கள். நாடறிந்த தலைவருக்கே இந்தக் கதி என்றால் நம்ம கதி என்ன?

இது எல்லாம் தில்லியிலும் தானேயிலும் நடப்பது என்று நினைக்காதீர்கள். என் மேசைக்கு முன்னாலேயே நடந்தது ஒன்று சொல்றேன்.

ஒருநாள் சாயங்காலம் எங்கள் ஊரில் செல்வாக்கான ஒருவர் வந்தார். எங்கள் நிர்வாகத்துக்கு வேண்டியவர். கடை, வீடு, தம்பி வீடு என்று நாலு கனெக்ஷன் வைத்திருந்தார். கல்லூரியில் படிக்கும் மகள் ராத்திரி யாரோடோ பேசுகிறாளாம். மூன்று மாதப் பதிவு வேண்டும் என்றார்.

"ஐயா, போலீஸ் கடிதம் இல்லாம நான் எதையும் எடுத்துத் தர முடியாது" என்றேன்.

"என்ன சார் பேசுறீங்க? கனெக்ஷன் என் பேர்ல இருக்கு. பில்லு கட்டுறது நான். ஏன் வீட்டுக்குள்ள நடக்கிறது எனக்குத் தெரியக் கூடாதா?"

அவர் கேட்டதில் ஒரு சிக்கல் இருக்கிறது, பாருங்கள். எங்கள் கணக்கில் சந்தாதாரர் அவர்தான். அந்தப் பெண்ணின் பெயர் எங்கள் நோட்டில் எங்குமே கிடையாது. ஒரு வீட்டில் ஐந்து பேர் இருந்தாலும் நோட்டில் ஒரே பெயர்தான். ஆனால் அதில் இருக்கும் ராத்திரிகள் அந்தப் பெண்ணுடையவை. பக்கத்தில் நின்ற எங்கள் மேலாளர், "குடுத்துருங்க சார், நம்ம ஆளுதானே" என்று காதில் சொன்னார். நான் கொடுக்கவில்லை. நம்ம பக்கத்தில் ஒரு பையன் பெயரோ அவன் ஊரோ இப்படி ஒரு வீட்டில் தெரியவந்தால் சில சமயம் அது எங்கே போய் முடிகிறது என்று இந்தச் சபைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவர் நாலு கனெக்ஷனையும் வெட்டிக்கொண்டு போனார். அந்த வருஷம் எனக்குச் சம்பள உயர்வு கிடையாது. அந்தப் பெண்ணை நான் பார்த்ததில்லை. எங்கேயாவது நன்றாக இருக்கட்டும்.

அந்த வாரமே எங்கள் நிறுவனத்தில் பதிவுகளைத் திறக்கும் கடவுச்சொல் யார் யாரிடம் இருக்கிறது என்று கணக்கெடுத்தேன். பதினோரு பேர். அதில் வேலையை விட்டுப் போனவர் இரண்டு பேர். அவர் என்னிடம் வராமல், டீக்கடையில் ஒரு டெக்னீஷியன் பையனைப் பிடித்து ஐந்நூறு ரூபாய் கொடுத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. போராடி அதை இரண்டு பேராக்கினேன். யார், எப்போது, எந்தக் கடிதத்துக்காக நோட்டைத் திறந்தார் என்று தானாகவே பதிவாகும்படி இன்னொரு நோட்டு வைத்தேன். என் முப்பது வருஷ வேலையில் உருப்படியாகச் செய்தது எது என்று கேட்டால் அந்த இரண்டாவது நோட்டைத்தான் சொல்வேன்.

இன்னொரு பக்கம் வியாபாரம். 2021 அக்டோபரில் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் அந்த நாட்டின் ஆறு இணைய நிறுவனங்களை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. வாடிக்கையாளர் பார்க்கும் தளங்கள், டி.வி. நிகழ்ச்சிகள், இருக்கும் இடம், இதையெல்லாம் சேர்த்து, இனம், பாலியல் விருப்பம் வரைக்கும் ஆட்களை வகை பிரித்து விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதை அது சொன்னது. நாம் காசு கொடுத்து வாங்குகிற சேவை அது. இலவசமாகக் கிடைப்பது இல்லை. பாலுக்கும் காசு வாங்கி, பால் வாங்குகிறவர் யார் யார் என்ற பட்டியலையும் விற்ற மாதிரி.

ஜெர்மனியில் மால்ட்டே ஷ்பிட்ஸ் என்ற பசுமைக் கட்சி அரசியல்வாதி, தன்னைப் பற்றித் தொலைபேசி நிறுவனம் வைத்திருந்த ஆறு மாதப் பதிவை வழக்குப் போட்டு வாங்கினார். 35,830 வரிகள். 2011-ல் அதை ஒரு செய்தித்தாளுக்குக் கொடுத்து வரைபடமாக்கினார். எந்த ரயிலில் போனார், எங்கே தூங்கினார், எத்தனை பேரோடு பேசினார், எல்லாம் தேதிவாரியாக ஓடியது. ஒருவர் பேசிய ஒரு வார்த்தை கூட அதில் இல்லை. எல்லோருடைய பதிவையும் மொத்தமாக வைத்திருக்கச் சொன்ன ஐரோப்பியச் சட்டத்தை 2014 ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றம் ரத்து செய்தது. அங்கே வேண்டாம் என்றார்கள், இங்கே 2021-ல் இரட்டிப்பாக்கினோம்.

"எனக்கென்ன சார், மடியில் கனமில்லை, வழியில் பயமில்லை" என்று சிலர் சொல்வார்கள். இந்தப் பழமொழியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மடியில் கனம் என்றால் திருட்டுப் பொருளா? சந்தையில் மாட்டை விற்றவன் பணத்தை வேட்டி மடியில் முடிந்துகொண்டு இருட்டில் ஊருக்கு நடக்கிறான். அவன் திருடன் இல்லை, உழைத்தவன். பயம் அவனுக்குத்தான், திருடனுக்கு இல்லை! கனம் இருப்பது குற்றம் இல்லை. நம் எல்லோர் மடியிலும் கனம் இருக்கிறது. ஒரு நோய், ஒரு கடன், ஒரு காதல், வேலையை விடலாமா என்ற யோசனை, வீட்டில் யாரிடமும் சொல்லாத ஒரு கேள்வி. 2017 ஆகஸ்ட் 24-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னதற்கு அர்த்தம் இதுதான்.

இனி என்ன செய்யலாம்? வீட்டில் இருப்பவர்களுக்கு மூன்று சொல்கிறேன். ஒன்று, கேபிள்காரத் தம்பி கனெக்ஷன் கொடுக்க வரும்போது ஆதார் அட்டையைத் தன் போனில் போட்டோ எடுத்துக்கொள்வார். அந்தப் படம் அவர் போனிலேயே கிடக்கும். முதல் எட்டு இலக்கம் மறைத்த ஆதார் போதுமா என்று கேளுங்கள். நகல் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அதன் குறுக்கே எதற்காக, எந்தத் தேதியில் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். இரண்டு, வை-ஃபை கடவுச்சொல்லைப் பக்கத்து வீட்டுக்கெல்லாம் தானம் செய்யாதீர்கள். அவர்கள் எதைச் செய்தாலும் நோட்டில் ஏறுவது உங்கள் பெயர். மூன்று, கேளுங்கள். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து அமலுக்கு வரும் என்று வைத்திருக்கிறார்கள். என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கும் உரிமை அதில் இருக்கிறது. அரசு அமைப்புகளுக்கு விலக்குக் கொடுக்கும் கதவும் அதில் இருக்கிறது. இரண்டையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வி.பி.என். போட்டால் தப்பித்தேன் என்று நினைக்காதீர்கள். நோட்டு கை மாறுகிறது, அவ்வளவுதான்.

மாணவர்களே, உங்களுக்கு வேறு சொல்ல வேண்டும். உங்களில் பலர் நான் உட்கார்ந்த நாற்காலியில் உட்காரப் போகிறீர்கள். இணைய நிறுவனம், வங்கி, ஆஸ்பத்திரி, ஏதாவது ஓர் இடத்தில் ஊர் ஜனங்களின் நோட்டு உங்கள் கையில் இருக்கும். தேவைக்கு மேல் எழுதாதீர்கள். கெடு முடிந்ததும் அழித்துவிடுங்கள். உரிமத்தில் இரண்டு வருஷத்துக்கு அப்புறம் 'அழிக்கலாம்' என்றுதான் இருக்கும். 'கிடந்துட்டுப் போகட்டும், டிஸ்க் விலை குறைவுதானே' என்று விட்டால், நாளைக்கு அது யார் கையில் கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியாது. காகிதம் இல்லாமல் யார் வந்து கேட்டாலும், முதலாளியே கேட்டாலும், "ஐயா, கடிதம்" என்று சொல்லப் பழகுங்கள். அதற்கு ஒரு சம்பள உயர்வு செலவாகலாம். தாங்கிக்கொள்ளலாம்.

கடைசியாக, முதல்வர் அவர்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது, ஒரு விண்ணப்பம். இன்றைக்கு ஹாஸ்டலில் பிள்ளைகள் வை-ஃபையில் தங்கள் ரோல் நம்பர் போட்டு நுழைகிறார்கள் என்று காலையில் சொன்னார்கள். அப்படியானால் நம் கல்லூரியிலும் ஒரு நோட்டு இருக்கிறது. என்ன பதிகிறோம், எத்தனை நாள் வைக்கிறோம், யார் பார்க்கலாம், ஒருவருடைய பதிவைப் பார்த்தால் அவருக்கு எப்போது சொல்வோம் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே ஒரு பக்கம் எழுதி ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டில் ஒட்டலாமே? சங்கத்தில் வக்கீல்கள் இருக்கிறார்கள், நெட்வொர்க் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். எழுதித் தர நாங்கள் தயார். கல்லூரிக்கு நாங்கள் கட்டித் தந்த சைக்கிள் ஸ்டாண்டை விட அது நாள் நிற்கும்.